வளைத்ததும் வலுவிழக்கும் நாக அயன் பற்றரி: மங்கனீசை விட்டு வனேடியத்துக்கு மாறலாமா?

கடற்கரைவீதி_மாணவி (வெள்ளவத்தை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் இரசாயனவியலில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். எடுத்துக்கொண்ட விடயம் வளையக்கூடிய, மீள மின்னேற்றக்கூடிய நாக அயன் பற்றரி. நாகம் என்றால் சிங்க், இந்தியாவில் துத்தநாகம் என்பார்கள். எனக்கு இதில் பிடிப்பு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அக்காவின் மகனுக்கு டெங்கு. ஆறு வயது. இரண்டு இரவு அக்கா விழித்திருந்து, மணிக்கொரு தடவை கக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தா. ஒவ்வொரு தடவையும் பிள்ளை எழும்பி அழுதான். கையில் சுற்றிவிட்டால் தானாக வெப்பம் பார்க்கும் பட்டி ஒன்றை யாரோ வாங்கித் தந்தார்கள். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு லிதியம் பற்றரி. அதைக் கண்டதும் விடுதித் தாதி, "இதைப் பிள்ளை கழற்றி விழுங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டா. அந்த 3 வோல்ற்றுப் பொத்தான் தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தசையை எரித்துவிடும். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு: நீரை அடிப்படையாகக் கொண்ட, தீப்பிடிக்காத, துணிபோல் மெல்லிய ஒரு பற்றரி பட்டிக்குள்ளேயே தைத்தபடி இருக்கவேண்டும்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். 2 சென்ரிமீற்றருக்கு 4 சென்ரிமீற்றர் காபன் துணித் துண்டை பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலோடு ஒட்டோக்கிளேவுக்குள் (அழுத்தத்தில் சூடாக்கும் மூடிய பாத்திரம்) போட்டு, 160 பாகையில் 12 மணித்தியாலம் வைத்தேன். துணியின் மேல் மங்கனீசீரொட்சைட்டு வளர்ந்தது. நிறை ஏற்றம் 12 மில்லிகிராம், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 1.5. மறுபக்கம் 0.1 மில்லிமீற்றர் நாகத் தகடு. நடுவில் பொலிவைனைல் அற்ககோல் ஜெல், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அதற்குள் 2 மோலர் நாக சல்பேற்றும் 0.1 மோலர் மங்கனீசு சல்பேற்றும். எல்லாவற்றையும் வீட்டுக்குப் பக்கத்துக் கொம்யூனிகேஷனில் வாங்கின லமினேற்றிங் உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

தட்டையாக வைத்து ஓட்டியபோது முதல் சுற்றில் (ஒரு தடவை மின்னேற்றி இறக்குவது ஒரு சுற்று) கிராமுக்கு 260 மில்லி அம்பியர் மணி கொள்ளளவு வந்தது. 15ஆவது சுற்றில் 340 வரை ஏறியது. துள்ளிக் குதித்தேன். பிறகு இறங்கத் தொடங்கி 80ஆவது சுற்றில் 120இல் நின்றது. இன்னொன்றை 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மருந்துப் போத்தலில் சுற்றி வைத்தேன். அது முதல் நாளே பாதியாகிவிட்டது.

பிரித்துப் பார்த்தேன். ஜெல் முழுக்கக் கபில நிறம், போத்தலோடு வளைந்த இடத்தில் கோடு கோடாகக் கறுப்புத் தூள். துணியைச் சாமணத்தால் தூக்கினால் ஓரத்து இழைகள் பொருபொருத்து உதிர்கின்றன. புதுத் துணி அப்படியில்லை, முடிச்சே போடலாம்.

மேற்பார்வையாளர், "மங்கனீசு கரையும் சாமான், வனேடியம் ஒட்சைட்டுக்கு மாறு" என்கிறார். கட்டுரைகளைப் பார்த்தால் வனேடியத்துக்குப் பெரிய இலக்கங்கள்தான். மாறுவதா? மாறினால் மூன்று மாத வேலை போய்விடும். இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

*

முதலாம்குறுக்குத்தெரு எழுதியது:

தங்கச்சி, நான் இரசாயனம் படித்தவன் இல்லை. புறக்கோட்டையில் இருபது வருஷமாக இலத்திரனியல் சாமான் திருத்துகிறேன். வளைத்தால் நின்றுவிடுகிறது என்று வருகிற சாமானில் நான் முதலில் பார்ப்பது தொடுப்பைத்தான். பற்றரியை விடுங்கள். துணியை மட்டும் எடுத்து, இரண்டு நுனியிலும் மல்டிமீற்றரை வைத்து, தட்டையாக எத்தனை ஓம், போத்தலில் சுற்றினால் எத்தனை, நூறு தடவை வளைத்தபிறகு எத்தனை என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. லமினேற்றிங் உறை நீராவியை முழுதாகத் தடுக்காது. வயர் வெளியே வருகிற இடத்தில் அது ஒருபோதும் ஒட்டவும் மாட்டாது. பற்றரியை ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பாருங்கள், நிறை குறைந்தால் ஜெல் காய்கிறது. கொழும்புக் காற்றில் காயாது என்று நினைக்கவேண்டாம், உங்கள் ஆய்வுகூடத்தில் ஏசி ஓடுகிறதல்லவா?

பால்மா பக்கற்றுக்கு உள்ளே பளபளவென்று ஒரு தாள் இருக்குமே, அந்த மாதிரித் தாள் நல்லது. உள்பக்கம் பிளாஸ்ரிக் பூசியிருக்கும், ஸ்திரிக்கைப் பெட்டியின் நுனியால் அழுத்தினால் ஒட்டும். வெட்டின ஓரத்தில் அலுமினியம் தெரியும், அது வயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

காபன்இழை (தெகிவளை) எழுதியது:

மேலே அண்ணா சொன்ன இரண்டையும் முதலில் செய்யுங்கள். நான் வெளிநாட்டில் ஐந்து வருஷம் நீர்க்கரைசல் பற்றரிகளில் வேலை செய்துவிட்டு வந்தவள். நீங்கள் எழுதியதில் மூன்று வேறு வேறு நோய்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் பிரிக்காமல் கதோட்டை (ஒட்சைட்டு இருக்கும் நேர்முனையை) மாற்றினால், வனேடியத்திலும் இதே பதிவைத்தான் மறுபடி எழுதுவீர்கள்.

முதலாவது அந்த 340. உங்களைத் துள்ள வைத்த இலக்கத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லவேண்டும். மங்கனீசீரொட்சைட்டு ஓர் இலத்திரன் வாங்கினால் கிராமுக்கு 308 மில்லி அம்பியர் மணி. இரண்டு வாங்கினால் 616. 308ஐத் தாண்டினால், அது எங்கிருந்து வருகிறது என்று உடனே கேட்கவேண்டும். உங்கள் ஜெல்லில் கரைந்த மங்கனீசு இருக்கிறது. மின்னேற்றும்போது அது ஒட்சியேற்றப்பட்டு, புது மங்கனீசீரொட்சைட்டாகத் துணியில் படியும். கணக்கைப் பாருங்கள்: 8 சதுர சென்ரிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, 0.8 மில்லிலீற்றர் ஜெல். 0.1 மோலர் என்றால் 0.08 மில்லிமோல் மங்கனீசு. முழுதும் படிந்தால் 7 மில்லிகிராம் ஒட்சைட்டு. நீங்கள் நிறுத்த கதோட்டே 12 மில்லிகிராம்தான்! அப்படி இருக்க, ஜெல்லில் இருந்து வந்ததையும் 12ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒட்சைட்டே இல்லாத வெறுந்துணியை வைத்து, இதே ஜெல்லோடு ஒரு பற்றரி செய்து 15 சுற்று ஓட்டுங்கள். அதில் வருவதைக் கழித்தால்தான் உண்மையான இலக்கம்.

அதற்காக மங்கனீசு சல்பேற்றை எடுத்துவிடாதீர்கள். அது வேண்டும். 2012இல் சீனாவில் சிங்குவா பல்கலைக்கழகத்தின் ஷென்ஷென் வளாகக் குழு, மென்மையான அமிலத்தன்மையுள்ள நாக சல்பேற்றுக் கரைசலில் அல்பா வகை மங்கனீசீரொட்சைட்டை வைத்து, மீள ஏற்றலாம் என்று காட்டியது. நாக அயன் பற்றரி என்ற பெயர் பரவியது அதன் பிறகுதான். 2016இல் அமெரிக்காவின் பசிபிக் நோர்த்வெஸ்ற் தேசிய ஆய்வுகூடக் குழு, 2 மோலர் நாக சல்பேற்றோடு 0.1 மோலர் மங்கனீசு சல்பேற்றையும் சேர்த்து, 5000 சுற்றுக்குப் பிறகும் 92 சதவீதம் கொள்ளளவு நிற்பதைக் காட்டியது. நீங்கள் வைத்திருப்பது அந்தக் கரைசல்தான்.

இரண்டாவது நோய் கரைதல். மங்கனீசு சல்பேற்று அதற்கு ஏன் உதவுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மின்னிறங்கும்போது நான்கு நேரேற்ற மங்கனீசு மூன்றாகிறது. மூன்று நேரேற்ற மங்கனீசைச் சுற்றியுள்ள ஆறு ஒட்சிசன்களில் இரண்டு விலகி நீளும். ஜான் டெல்லர் திரிபு என்பது இதுதான். பளிங்கு கோணலாகிறது. பிறகு மூன்று நேரேற்ற மங்கனீசு இரண்டு சேர்ந்து, ஒன்று நான்காகவும் மற்றது இரண்டாகவும் பிரிகின்றன. இரண்டு நேரேற்றமானது கரைசலுக்குள் போய்விடும். கரைசலில் முன்கூட்டியே அது இருந்தால் அந்தப் போக்கு மெதுவாகும், போனதும் மின்னேற்றத்தில் திரும்பி வந்து படியும்.

ஆக, 80 சுற்றில் உங்களுக்கு 120 ஆனதற்குக் கரைதல் ஒரு காரணம்தான், ஆனால் அதுமட்டும் என்று நான் நம்பவில்லை. ஜெல்லின் கபில நிறத்தைக் கவனியுங்கள். கரைந்த இரண்டு நேரேற்ற மங்கனீசுக்கு நிறமே கிடையாது என்று சொல்லலாம், மிக மெல்லிய இளஞ்சிவப்பு. கபிலம் என்றால் ஒட்சைட்டுத் துகள். ஒன்றில் துணியிலிருந்து உதிர்ந்தது, இல்லையென்றால் துணியைத் தொடாத இடத்தில் வீணாகப் படிந்தது.

இனி மூன்றாவது, முக்கியமான இடம்: துணி. 160 பாகை, 12 மணித்தியாலம், பரமங்கனேற்று. துணியில் ஒட்சைட்டு எப்படி வளர்ந்தது தெரியுமா? பரமங்கனேற்றைத் தாழ்த்தியது வேறு யாருமில்லை, உங்கள் காபன் துணிதான். அது தன்னையே கொடுத்து ஒட்சைட்டை வாங்கிக்கொண்டது. காபன் காபனேற்றாகக் கரைந்து போக, இழையின் தோலில் குழி குழியாக விழுந்திருக்கும். காபன் இழை இழுவைக்கு மகா பலம், ஆனால் நொறுங்கும் சாதி. தோலில் ஒரு சின்னக் குழி இருந்தால் வளைக்கும்போது வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஓரத்து இழை பொருபொருத்தது அதனால்தான்.

அதோடு, 12 மணித்தியாலம் வளர்ந்த ஒட்சைட்டு இழைகளுக்கு இடையில் உள்ள இடைவெளியையும் நிரப்பி, பக்கத்து இழையோடு பக்கத்து இழையை ஒட்டிவிடும். ஆடிவேலுக்கென்று கஞ்சி போட்டு மினுக்கி வைத்த பருத்திச் சேலையை நினைத்துப் பாருங்கள். நூல் அதே நூல்தான். ஆனால் மடித்தால் மடித்த இடத்தில் கோடு விழும்.

இலக்கத்தில் சொல்கிறேன். போத்தலின் ஆரை 15 மில்லிமீற்றர். ஓர் இழையின் தடிப்பு 10 மைக்ரோமீற்றர் அளவு. இழை தனியாக வளைந்தால் அதன் வெளித்தோல் நீள்வது 0.03 சதவீதம், அது ஒன்றுமேயில்லை. இழைகள் எல்லாம் ஒட்டிப்போய் 0.35 மில்லிமீற்றர் பலகையாக வளைந்தால் வெளித்தோல் 1.2 சதவீதம் நீளவேண்டும். ஒட்சைட்டுப் படலம் அதைத் தாங்காது. குழி விழுந்த இழையும் தாங்காது. அதே துணி, அதே போத்தல், முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம்!

அதனால் என் கருத்து: உங்களுடைய பிரச்சினை மங்கனீசு இல்லை, கஞ்சி.

வனேடியம் பற்றி. வனேடியம் பெந்தொட்சைட்டின் கோட்பாட்டுக் கொள்ளளவு 589 வரை போகும், உண்மைதான். 2016இல் கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகக் குழு, அடுக்குகளுக்கு இடையில் நாக அயனையும் நீரையும் தூண்போல நிறுத்திய வனேடியம் ஒட்சைட்டைக் காட்டியது, ஆயிரம் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதத்துக்கு மேல் நின்றது. நீர் அங்கே வெறும் விருந்தாளி இல்லை, இரட்டை ஏற்றமுள்ள நாக அயன் உள்ளே நகரும்போது ஒட்சிசனோடு ஒட்டிக்கொள்ளாமல் அதைப் போர்த்துக்கொண்டு போகிறது. அழகான வேலை. ஆனால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மங்கனீசு சராசரியாக 1.3 வோல்ற்றுத் தரும் இடத்தில் வனேடியம் தருவது 0.7, 0.8. பட்டியில் வெப்பம் பார்க்கும் உங்கள் உணரிக்குக் குறைந்தது எத்தனை வோல்ற்று வேண்டும்? 1.8 என்றால் மங்கனீசில் இரண்டைத் தொடராக இணைத்தால் போதும், வனேடியத்தில் மூன்று நான்கு வேண்டும். அதுவும் நீரில் கரையாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வனேடியம் பெந்தொட்சைட்டு நஞ்சு. பிள்ளை விழுங்கிவிடுமே என்ற பயத்தில் தொடங்கின வேலை இது. அந்தப் பிள்ளையின் கையில் நான் வனேடியத்தைச் சுற்றமாட்டேன்.

*

கடற்கரைவீதி_மாணவி எழுதியது:

அக்கா, இரண்டு நாள் வாசித்தேன், மூன்றாம் நாள் செய்தேன். ஒன்பதாவது நாள் இது.

வெறுந்துணிப் பற்றரி 15ஆவது சுற்றில் அரை மில்லி அம்பியர் மணி கொடுத்தது. 12 மில்லிகிராமால் வகுத்தால் கிராமுக்கு 42. ஆக என் 340 உண்மையில் 300க்கும் கொஞ்சம் குறைவு. முதலில் மனம் விழுந்துபோனது. பிறகு யோசித்தேன், பட்டியலில் 340 என்று எழுதி ஆறு மாதத்துக்குப் பிறகு யாராவது கேட்டிருந்தால் அதுதான் பெரிய விழுகை.

அண்ணா, மல்டிமீற்றர் வேலையும் செய்தேன். புதுத் துணி தட்டையாக 1.8 ஓம், நூறு தடவை வளைத்தபிறகு 1.9. ஒட்டோக்கிளேவுக்குள் போய்வந்த துணி தட்டையாகவே 6, போத்தலில் சுற்றும்போது 11, நூறு தடவைக்குப் பிறகு 23. மீற்றரில் இலக்கம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வளைத்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் காதுக்குக் கிட்ட வைத்தால் மிக மெல்லிய சத்தம் கேட்கிறது, காய்ந்த பூவரசஞ் சருகை விரலால் நசிப்பதுபோல்.

நிறையும் பார்த்தேன். லமினேற்றிங் உறை ஒரு கிழமையில் 90 மில்லிகிராம் இழந்துவிட்டது. ஜெல்லே கிட்டத்தட்ட ஒரு கிராம்தான். பால்மாத் தாள் உறை இழந்தது 4 மில்லிகிராம்.

அக்கா கேட்ட மின்னழுத்தம்: உணரிக்குக் குறைந்தது 1.8 வோல்ற்று. மேற்பார்வையாளரிடம் இந்த இலக்கங்களைக் காட்டினேன். கன நேரம் பார்த்துவிட்டு, "சரி, மங்கனீசிலேயே இரு" என்றார். இனிக் கஞ்சி இல்லாமல் துணியில் ஒட்சைட்டை எப்படிப் போடுவது?

*

காபன்இழை எழுதியது:

அந்தச் சருகுச் சத்தத்தை ஆய்வேட்டில் எழுதுங்கள். அதை எந்தக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை.

மின்படிவு செய்யுங்கள். வெப்பமும் வேண்டாம், பரமங்கனேற்றும் வேண்டாம். 0.1 மோலர் மங்கனீசு அசற்றேற்றும் 0.1 மோலர் சோடியம் சல்பேற்றும் கலந்த கரைசலில் துணியை நேர்முனையாக வைத்து, சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லி அம்பியர் ஓட்டினால் ஒட்சைட்டு இழை இழையாகப் படியும். எவ்வளவு படியும் என்பதைப் பரடேயின் விதி சொல்லும்: ஒரு மில்லிகிராமுக்கு 2.2 கூலோம். சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 மில்லிகிராம் வேண்டுமென்றால் 45 நிமிடம். அதற்கு மேல் போகாதீர்கள். 2ஐத் தாண்டினால் மறுபடி கஞ்சிதான்.

துணியை அப்படியே கரைசலில் வைத்தால் நீர் ஒட்டாது, தாமரை இலைபோல் உருண்டு ஓடும், வெளி இழையில் மட்டும் படியும். முதலில் எதனோலில் நனைத்து, காயவிடாமல் தண்ணீருக்கு மாற்றி, பிறகு கரைசலுக்குள் இறக்குங்கள். நைத்திரிக்கமிலத்தில் ஊறவைக்கச் சொல்வார்கள், அது இன்னொரு விதத்தில் இழையை அரிக்கும். உங்களுக்கு வேண்டாம். படிந்த பிறகு நன்றாகக் கழுவி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். விரல் கறுத்தால் தடிப்புக் கூடிவிட்டது.

கரைதலைக் குறைக்க இன்னும் ஒன்று செய்யலாம், ஆனால் இரண்டாம் கட்டமாக. மங்கனீசீரொட்சைட்டின் அடுக்கு வடிவத்தில் அடுக்குகளுக்கு நடுவே பொலியனிலீன் என்ற பொலிமரை நுழைத்து, 2018இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். நீர் சூழ்ந்த ஐதரசன் அயனும் நாக அயனும் உள்ளே வந்து போகும்போது அடுக்கு இடிந்து விழாமல் அந்தப் பொலிமர் தாங்கிப் பிடிக்கிறது. வளைகிற பற்றரிக்கு அது நல்ல வழி என்பது என் எண்ணம், தாங்குவதே நெகிழ்கிற சாமான் என்பதால். ஆனால் முதலில் வெறும் ஒட்சைட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஜெல்லையும் அரை மில்லிமீற்றராக்குங்கள். முழுத் தடிப்பும் குறையக் குறைய வெளித்தோலின் நீட்சியும் குறையும்.

கொள்ளளவு குறைகிறதே என்று கவலைப்படவேண்டாம். கிராமுக்கு 260 என்று எழுதுகிறோம், துணியின் நிறையையும் சேர்த்தால் அது 27தான். சதுர சென்ரிமீற்றருக்கு 13 மில்லிகிராம் துணியை நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தத் துறையில் எனக்குப் பெரிய மனக்குறை அதுதான். உங்களுக்கு வேண்டியது பட்டி எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பது. 8 சதுர சென்ரிமீற்றரில் 9.6 மில்லிகிராம், கிராமுக்கு 230 வந்தாலும் 2.2 மில்லி அம்பியர் மணி. உணரி சராசரியாக 50 மைக்ரோ அம்பியர் எடுத்தால் 44 மணித்தியாலம். டெங்குக் காய்ச்சலில் இரண்டு இரவு.

*

போகலைக்காரீயம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். காபன் துணி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையையும் வாய்விட்டுச் சொல்லமுடியாது. நம்முடைய நாட்டில் நரம்புநரம்பாக ஓடுகிற காரீயம் (கிரபைற்று, பென்சிலுக்குள் இருப்பது) போகலையிலும் ககட்டகஹாவிலும் இருக்கிறது. கையில் எடுத்தால் வெள்ளிபோல் மினுங்கும், அவ்வளவு சுத்தம். அமிலத்தில் ஊறவைத்துச் சட்டென்று சூடாக்கினால் பொரி பொரிவதுபோல் பல மடங்கு ஊதும், அதை உருளையில் அழுத்தினால் வளையும் தாள் வரும். அதன்மேல் ஒட்சைட்டைப் படியவிட முடியாதா? துணியைவிட மெல்லியது, கனமும் குறைவு. அமில வேலையை ஆய்வுகூடத்தில் புகையை உறிஞ்சும் கூட்டுக்கு வெளியே செய்யவேண்டாம், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

*

காபன்இழை எழுதியது:

முடியும். செய்து பாருங்கள் என்றே சொல்வேன். ஒரே குறை, தாளில் இழைபோல இடைவெளி இல்லை, ஒட்சைட்டு மேலேமட்டும் ஒரு படலமாகப் படியும். அதனால் இன்னும் மெல்லியதாகப் போடவேண்டும். வளைக்கும்போது ஒட்சைட்டுப் பக்கம் உள்வளைவில் இருக்கும்படி வையுங்கள். நெரிபடுவதை ஒட்சைட்டு தாங்கும், இழுபடுவதைத் தாங்காது. தங்கச்சி, இது உங்கள் துணிக்கும் பொருந்தும். பட்டியில் கதோட்டுத் தோல் பக்கமாகவும் நாகம் வெளிப்பக்கமாகவும் வரட்டும். நாகம் உலோகம், கொஞ்சம் நீளும்.

*

கடற்கரைவீதி_மாணவி எழுதியது:

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். நடுவில் பத்து நாள் சோதனைக் கருவிக்கு வரிசையில் நின்றதில் போய்விட்டது. ஒரு நாள் இரவு மின்சாரம் போய் மூன்று பற்றரியின் பதிவு அழிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

எதனோலில் நனைத்து இறக்கினபோது துணி கரைசலைக் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன். 45 நிமிடம். எடுத்துக் கழுவிக் காயவைத்து உருட்டினேன், விரல் கறுக்கவில்லை. துணி கறுப்பிலிருந்து கொஞ்சம் கபிலம் கலந்த கறுப்பாகியிருந்தது. ஆனால் தொங்கவிட்டால் தொங்கியது. முந்தின துணி மட்டைபோல் விறைத்து நிற்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக உறை போட்டதுபோல் இருந்தது, இடையில் இடைவெளி தெரிந்தது. அந்தப் படத்தை அம்மாவுக்கும் காட்டினேன்.

நூறு தடவை வளைத்தபிறகு 2.4 ஓம், தொடக்கத்தில் 2.1. சத்தம் இல்லை.

தட்டையில் கிராமுக்கு 235. வெறுந்துணியின் பங்கைக் கழித்த இலக்கம் இது. 200ஆவது சுற்றில் 84 சதவீதம் நிற்கிறது. கதோட்டு உள்வளைவில் இருக்கும்படி போத்தலில் சுற்றியதில் முதல் நாள் 6 சதவீதம்தான் குறைந்தது. ஒன்றை வேண்டுமென்றே மறுபக்கம் திருப்பிச் சுற்றினேன், அதில் 19 சதவீதம் போனது. அக்கா சொன்ன நெரிபடுவதும் இழுபடுவதும் அப்படியே இலக்கத்தில் தெரிகிறது.

இரண்டைத் தொடராக இணைத்து உணரியைப் பூட்டினேன். 41 மணித்தியாலம் ஓடியது.

ஆனால் 200 சுற்று வளைந்தபடி ஓடினதைப் பிரித்தபோது கதோட்டு நன்றாக இருந்தது, நாகத் தகட்டில்தான் வளைவுக் கோட்டின் நெடுகச் சாம்பல் நிறத்தில் பாசிபோல் ஒன்று வளர்ந்திருந்தது. ஒரு இடத்தில் அது ஜெல்லுக்குள் கிட்டத்தட்டப் பாதித் தூரம் போய்விட்டது. சாமணத்தால் தொட்டேன், ஊசிபோல் குத்தியது. வளைவில் தகடு இழுபடுகிற இடத்தில்தான் இது தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தகட்டுக்குப் பதிலாக, இதே காபன் துணியில் நாகத்தையும் மின்படிவு செய்யலாமா என்று யோசிக்கிறேன். அக்கா, அண்ணா, அதற்கு இங்கே வேறு பதிவு தொடங்கிக் கேட்கிறேன், படங்களோடு. மருந்துப் போத்தலில் சுற்றியபடி இன்னொன்று இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்று காலை 212ஆவது சுற்று.